நாற்பத்தாறு மில்லிமீட்டர்

எண்ணெய் சுத்தமாக இருந்தது. முதலில் உறுத்தியது அதுதான்.

பன்னிரண்டு வருஷமாக யாரும் தொடாத இன்ஜின் என்று போனில் சொல்லியிருந்தார் வாத்தியார். அப்படிக் கிடந்த இன்ஜினின் அடிநட்டைக் கழற்றினால் தார் மாதிரி ஒரு கருப்பு இறங்கும், இல்லாவிட்டால் தண்ணீர் கலந்து கூழாகிப்போன பழுப்பு இறங்கும். இதில் தேன் இறங்கியது. தகரத் தட்டில் சத்தமில்லாமல் விழுந்து, மேலே தொங்கிய பல்பின் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மஞ்சளாக நின்றது. அவள் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். கருகல் வாசனை கொஞ்சமும் இல்லை.

"எண்ணெய் மாத்தினீங்களா சார்?"

"இல்லையே."

வாத்தியார் ஷெட்டின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். அவளை உள்ளே அனுப்பினாரே தவிர அவர் கால் வாசற்படியைத் தாண்டவில்லை. பின்னால் மழை வலுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது, ஆனால் வானம் ஆறு மணிக்கு உரிய முகத்தோடு இருந்தது.

அவளுக்குத் தொழில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு வயசு சொல்வது. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் சங்கம் தருகிற சான்றிதழில் அவள் கையெழுத்து இருந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். இருபது வருஷம் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனை பார்த்த பழக்கம். எதைப் பார்த்தாலும் திருப்பி அடியில் நம்பர் தேடுவாள். உறவுக்காரர்கள் வீட்டில் டம்ளரைக் கவிழ்த்து முத்திரை பார்த்து மாமியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எங்க நம்பர் பார்த்தாளோ, இன்னிக்கு வரைக்கும் சொல்லல" என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நம்பர்க்காரி என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மேசைமேல் இருந்தது இங்கிலாந்தில் செய்த ஐந்நூறு சிசி ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். வண்டி இல்லை. சக்கரம், டேங்க், சட்டம் ஒன்றும் இல்லாமல் இன்ஜின் மட்டும், மரக்கட்டைகளின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவள் சிலிண்டருக்குக் கீழே துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நம்பரைப் படித்தாள். கையால் அடித்த எண்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏறி இறங்கி. ராவிவிட்டு மறுபடி அடித்த தடயம் கிடையாது. இன்ஜினின் இரண்டு பாதிகளிலும் அடியில் ஒரே எண். பிறந்தது முதல் பிரியாத ஜோடி.

"நாற்பத்தேழாம் வருஷம் சார். சந்தேகமே இல்ல. தீப்பொறி குடுக்கற மேக்னட்டோ மட்டும் ஐம்பதுல மாத்தினது, அது மேலயே மாசம் வருஷம் போட்டிருக்கு. கார்புரேட்டர் அதுக்கும் அப்புறம். இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான்."

"சரிம்மா. கடைசியா எப்ப தொறந்திருக்காங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வயசு கேட்பவர்கள் உண்டு, அசலா போலியா என்று கேட்பவர்கள் உண்டு. இதை யாரும் கேட்டதில்லை.

"பன்னெண்டு வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் தொறந்தது. வேற யாராவது தொறந்திருக்காங்களான்னு பாருங்க."

அப்போதே கிளம்பியிருக்கலாம். வயசு தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது. ஆனால் அந்த எண்ணெய் அவளை விடவில்லை. தட்டைக் காலால் நகர்த்திவிட்டு ஸ்பேனர் பையைப் பிரித்தாள். உட்கார ஸ்டூல் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், மறுபடி சுற்றினாள். கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்க, எங்கோ ஓர் ஓட்டை வழியாக மட்டும் சொட்டு, சொட்டு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இரண்டு சொட்டு சேர்ந்து என்று விழுந்த சத்தம், அடுத்தது எப்போது என்று காதைக் காக்க வைத்தது.

மேல்பகுதியைக் கழற்றினாள். நட்டுகள் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. வருஷக்கணக்கில் கிடந்த நட்டு முதல் திருப்பலில் ஒரு கிறீச்சிடும். இவை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தன. சிலிண்டர் ஓரமாக மேலும் கீழும் ஓடி வால்வைத் தள்ளுகிற இரண்டு கம்பிகளை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒன்று கம்பெனிக் கம்பி. மற்றது அப்படி இல்லை.

மற்றது மெலிந்து, வெள்ளி மாதிரி மின்னியது. துருவின் பொட்டு கூட இல்லை. ஒரு முனையில் அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் இரண்டு சின்னத் துளைகள், திருகாணி போகிற துளைகள். வால்வுக் கம்பிக்கு அது எதற்கு? பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது மயிரிழை எழுத்தில் ஒரு எண் தெரிந்தது. எந்த மோட்டார் கம்பெனியும் அப்படி எண் போடுவதில்லை. அவள் அத்தைக்கு இடுப்பெலும்பு உடைந்தபோது டாக்டர் மேசையில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

"சார், இது எலும்பு முறிஞ்சா உள்ள வைக்கற கம்பி மாதிரி இருக்கு."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த வருஷத்துக் கம்பி?" என்றார் கடைசியில்.

"தொண்ணூறுகள்ல இந்த மாதிரி வந்தது. தேய்மானத்தப் பார்த்தா, போட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும்."

"தொண்ணூத்தி நாலு" என்றார். "எங்கண்ணன் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து தொடையில கம்பி வெச்சிருந்தாங்க. தொண்ணூத்தி நாலுல பால் வாங்கப் போனவர். பாத்திரம் மட்டும் தெருமுனையில இருந்தது."

அவள் கம்பியை மேசைமேல் வைத்தாள். வைத்த கையை உடனே துணியில் துடைத்துக்கொண்டாள்.

"விளையாடாதீங்க சார்."

"மத்ததையும் பாருங்கம்மா. எனக்குப் பார்க்கத் தெரியாது. மோதிரத்த மட்டும் நானே பார்த்தேன்."

"எந்த மோதிரம்?"

அவர் தூரத்திலிருந்தே விரலை நீட்டினார். எண்ணெய்க் குழாய் வந்து சேருகிற இடத்தில் செம்பு வளையம் ஒன்று இருக்க வேண்டும். அங்கே இருந்தது மஞ்சள். மெலிதாகத் தட்டிச் சப்பையாக்கியிருந்தும் உள்பக்கத்தில் பாதி அழிந்த ஒரு எழுத்து மிச்சமிருந்தது. அது வாத்தியாரின் பெயரின் முதல் எழுத்து.

"இவ அம்மாவோடது" என்று அவர் தலையை வீட்டுப் பக்கம் சாய்த்தார். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மகள் எதையோ கழுவிக்கொண்டு நிற்பது தெரிந்தது. இருபத்திரண்டு வயசு, வெளியூரில் வேலை, ஒரு வார லீவில் வந்திருக்கிறாள். உள்ளே வரும்போது 'வாங்க ஆன்ட்டி' என்று வாய் நிறையக் கூப்பிட்ட பெண். "பன்னெண்டு வருஷம் ஆச்சு. மாடியில துணி எடுக்கப் போனா. கொடியில பாதித் துணி இருந்தது, பாதி பக்கெட்ல இருந்தது. போலீஸ், பேப்பர் விளம்பரம், எல்லாம் பண்ணியாச்சு. ஒரு மாசம் கழிச்சு என்னமோ தோணி இதத் தொறந்தேன்."

"தூக்கி எறிய வேண்டியதுதானே?"

"பழைய இரும்புக்குப் போட்டேன். மூணாம் நாள் காலையில மேசையில இருந்தது. வீட்ட மாத்தினோம். வேன்ல ஏத்தாத சாமான் இது ஒண்ணுதான். இங்க வந்து ஷெட்டத் தொறந்தா, எங்களுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கு."

அவர் இதைக் கணக்குப் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னார். அதுதான் அவளை நம்ப வைத்தது.

"இப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"மூணு நாளா ஷெட்டுக்குள்ள அரம் தேய்க்கற சத்தம் கேக்குது. பூட்டு பூட்டினபடி இருக்கு." அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வீட்ல இருக்கறது நாங்க ரெண்டு பேர்தாம்மா. நானா, அவளான்னு தெரியணும்."

பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓட வேண்டும் என்றுதான் அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. கால்கள் ஒரு அடி வைத்தும்விட்டன. ஜன்னலில் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நம்பர்க்காரி திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தாள்.

அதன்பிறகு பார்த்ததையெல்லாம் அவள் வேகமாகப் பார்த்தாள், பட்டறையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் பார்க்கிற மாதிரி, கண் மட்டும் வேலை செய்ய, மனசை ஓரமாக நிறுத்திவிட்டு. மேல்மூடியில் ஒரு எண்ணெய் வழியைத் தங்கத் துண்டால் அடைத்திருந்தது. ஒரு பக்கம் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம் அப்படியே இருந்தது. எழுபத்தொன்பதில் காணாமல்போன அப்பாவோடது, என்றார் வாத்தியார். வால்வு ஸ்பிரிங்கின் அடியில் மெல்லிய வெள்ளி வளையம். அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை, அவர் அப்பா இன்ஜினை வாங்குவதற்கு முன்னால் போட்டது. அவள் அதன் உள்ளளவை எடுத்தாள். பெரியவர்கள் கை எதுவும் அதில் நுழையாது. அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவளை நடுங்க வைத்தது பொருட்கள் இல்லை, வேலைப்பாடு. அரம் ஓடிய தடம் எல்லாவற்றிலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளி வளையத்தில், தங்கத்தில், கம்பியில், மோதிரத்தில். ஒரே அழுத்தம், ஒரே சாய்வு, தேய்த்து முடித்ததும் விளிம்பை லேசாக உருட்டிவிடுகிற ஒரே சுத்தம். பட்டறையில் யார் கடைந்தது என்பதை அவள் பொருளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மனிதக் கைக்கு வயசாகும். நாற்பதில் இருக்கிற கை அறுபதில் இருக்காது. இந்தக் கை எழுபது வருஷத்தில் ஒரு நாள் கூடக் கிழடாகவில்லை.

அப்புறம் இன்னொன்று. எதிலும் பிடித்த தடம் இல்லை. அரத்தால் தேய்க்க வேண்டுமானால் பொருளை இடுக்கியில் இறுக்க வேண்டும், இறுக்கினால் பல் பதியும். இவற்றில் பதியவில்லை. ஏதோ ஒன்று மெதுவாகப் பிடித்திருக்கிறது.

மிச்சம் வலப்பக்க மூடி. டைமிங் மூடி என்பார்கள். பற்சக்கரங்களை மறைக்கிற அலுமினிய மூடி, இரண்டு உள்ளங்கை அகலம். ஒன்பது திருகாணி. எண்ணெய் கசியாமலிருக்க மூடியின் இடுக்கில் பூசுகிற கேஸ்கெட் பசை ஓரத்தில் வழிந்திருந்தது, அதைத் தொட்டாள்.

ஒட்டியது. இன்னும் காயவில்லை.

பசையில் ஒரு கட்டைவிரல் அழுந்திய குழி இருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். குழி வழவழவென்று இருந்தது. ரேகை இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

ஒன்று. இரண்டு. மூன்று. திருகாணிகள் விரலாலேயே கழன்றன. ஏழு. எட்டு. மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

ஒன்பது.

மூடியைத் திருப்பினாள். உள்பக்கத்தில், புழுதியும் பழுப்பும் படிந்த பழைய அலுமினியத்தின் நடுவே, பளீரென்று ஒரு புதுப் பள்ளம். அலுமினியச் சுருள் இரண்டு இன்னும் விளிம்பில் ஒட்டியிருந்தன. முழு வட்டமில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையான வட்டம். அதிலிருந்து மெல்லிய வாய்க்கால் ஒன்று வளைந்து வளைந்து போய், ஊசித் துளைகள் இரண்டில் முடிந்தது.

காலிப் பள்ளம். எதையோ உட்கார வைக்க வெட்டியது.

"இருக்கு சார்" என்றாள். "புதுசு. ஒரு நாள் கூட இருக்காது. இன்னும் எதுவும் வைக்கல."

"என்ன அளவு?"

வெர்னியரை வைத்தாள். சரிபார்க்க மறுபடியும் வைத்தாள். "அகலம் நாற்பத்தாறு மில்லிமீட்டர். ஆழம் ஏழு. மோதிரமில்ல, வளையலும் இல்ல. வயர் போற மாதிரி வழி விட்டிருக்கு. இது என்னன்னு எனக்குப் புரியல."

முதல் தடவையாக வாத்தியார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சை விடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டார். முகம் தளர்ந்தது. சிரிக்கிறார் என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"அவ இல்ல" என்றார்.

சட்டையின் மேல் பட்டன் மூன்றையும் கழற்றி இடப்பக்கத்தை விலக்கினார். கழுத்தெலும்புக்குக் கீழே ஆறிப்போன ஒரு வெட்டுத் தழும்பு. அதன் அடியில், தோலுக்குள்ளே, ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையான வட்ட மேடு.

"பேஸ்மேக்கர். வெச்சு ரெண்டு வருஷம் ஆகுது. பயப்படுவான்னு பொண்ணுக்குச் சொல்லல." அவர் நெஞ்சை முன்னால் நீட்டினார், தையல்காரரிடம் அளவு கொடுக்கிறவர் மாதிரி. "அளந்து பாருங்கம்மா. எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

அளந்தாள். ஏன் அளந்தாள் என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை. இரும்பு பட்டதும் தோல் சிலிர்த்தது. வெர்னியரில் கோடு நின்ற இடத்தைப் படித்தாள்.

நாற்பத்தாறு.

"கிளம்புங்க" என்றாள். "இப்பவே. பொண்ணையும் கூட்டிக்கிட்டு எங்கூட வண்டியில ஏறுங்க. மிச்சம் அப்புறம் பேசிக்கலாம்."

"நீங்க வண்டிய எடுங்க. பட்டனப் போட்டுக்கிட்டு வரேன்."

அவர் குரலில் அவசரமே இல்லை. அவளுக்குத்தான் அவசரம். ஈரத் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்தாள். வண்டியைக் கிளப்பி, வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, கார் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"சார்."

இறங்கினாள். நடந்தாள். வாசற்படியில் நின்றாள்.

சட்டை ஸ்டூலின் மேல் இருந்தது. மடித்து. செருப்பு இரண்டும் ஜோடியாக, மேசையைப் பார்த்தபடி.

ஷெட்டுக்கு வேறு கதவு கிடையாது.

மேசையருகே போனாள். அவள் கழற்றிப் போட்டிருந்தவை எதுவும் அதன்மேல் இல்லை. கம்பிகள் இல்லை. நட்டுகள் இல்லை. எல்லாம் இன்ஜினில் இருந்தன, இருந்த இடத்தில், இறுகி. டைமிங் மூடி மூடியிருந்தது. ஒன்பது திருகாணியும். அதன் ஓரத்தில் பசை பிதுங்கி, ஈரமாக, இன்னும் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது.

பிறகு அதைப் பார்த்தாள்.

இன்ஜினின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டு திரும்பியது. கால் சுற்று. நின்றது. கால் சுற்று. நின்றது. பெட்ரோல் இல்லை, நெருப்பு இல்லை, உதைக்க ஆள் இல்லை. நிமிஷத்துக்கு அறுபது, அறுபத்தைந்து, நாடி துடிக்கிற மாதிரி. உள்காற்றை வெளியே விடுகிற மூச்சுக் குழாயின் ரப்பர் நுனி ஒவ்வொரு திருப்பலுக்கும் லேசாக உப்பி, லேசாக ஒட்டியது. அவள் முழங்கையில் பட்ட காற்று சூடாக இருந்தது. அதில் எண்ணெய் வாசனை இல்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் இரண்டு கைகளிலும் டீ டம்ளர்களோடு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, வண்டிய ஓட விட்டுட்டு வந்துட்டீங்களே. அப்பா எங்க?"

அந்தக் குரல் கேட்டதும் தண்டு பாதிச் சுற்றில் நின்றது.

நின்றபடியே ஒரு முறை நடுங்கியது.

பிறகு வேகம் பிடித்தது.